ஓடும்போதே பைக் திணறி நிற்கிறதா? டேங்க் மூடியிலிருந்து தொடங்குங்கள்

திண்டுக்கல்லிலிருந்து நத்தம் போகும் சாலையில் கோபால்பட்டியைத் தாண்டியதும் என் பைக் நின்றது. சட்டென்று நிற்கவில்லை. முதலில் இழுவை குறைந்தது. ஆக்சிலேட்டரைத் திருகத் திருக வண்டி திணறியது, இரண்டு முறை இருமியது, அடங்கிவிட்டது. ஐந்து நிமிடம் கழித்து ஒரே உதையில் ஸ்டார்ட் ஆனது. ஏழெட்டு கிலோமீட்டர் போனதும் மறுபடி நின்றது. அந்த வாரத்தில் அது மூன்றாவது நாள். அதற்குள் ஒரு கடையில் பிளக் மாற்றியாகிவிட்டது. இன்னொரு கடையில் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவிக் காசும் வாங்கிவிட்டார்கள்.

டீக்கடை வாசலில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் கேட்டார்: "தம்பி, டேங்க் மூடியத் தொறந்து பாத்தீங்களா?"

திறந்தேன். 'உஸ்ஸ்' என்று வெளிக்காற்று உள்ளே பாய்கிற சத்தம் கேட்டது.

"அம்புட்டுத்தான். மூடியில இருக்கிற ஓட்டை அடைச்சிருக்கு. டேங்க் மூச்சு விட வழியில்லாம பெட்ரோல் எறங்க மாட்டேங்குது."

போன வாரம் வாட்டர் சர்வீஸ் விட்டபோது மூடியின் இடுக்கில் சேறும் பாலிஷும் போய் இறுகியிருந்தது. ஒரு ஊக்கால் நெருடி, ஊதி விட்டோம். அதற்குப் பிறகு வண்டி அந்த மாதிரி நிற்கவே இல்லை.

அன்றிலிருந்து யாருடைய வண்டி நின்றாலும் நான் ஒரே வழியில்தான் தேடுகிறேன். பெட்ரோல் மேலிருந்து கீழே இறங்குகிறது: டேங்க், காக் (பெட்ரோலைத் திறந்து மூடுகிற திருகு), பில்டர், டியூப், கார்புரேட்டர், இன்ஜின். நாமும் அதே வரிசையில் இறங்க வேண்டும். மேலே இருக்கிற சோதனைகளுக்குக் காசு ஆகாது, கழற்றுகிற வேலையும் குறைவு. கார்புரேட்டரில் கை வைப்பது கடைசி. முதல் வேலையாகக் கார்புரேட்டரைப் பிரிக்கச் சொல்கிறவர்களிடம், "மேலே எல்லாம் பார்த்தாச்சா?" என்று தயங்காமல் கேளுங்கள்.

இங்கே சொல்வது பெரும்பாலும் கார்புரேட்டர் வைத்த கியர் பைக்குகளுக்கு, அதாவது 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகை விதி வருவதற்கு முன் வாங்கிய வண்டிகளுக்கு. இன்ஜெக்‌ஷன் (கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலை அழுத்தத்தில் பீச்சுகிற) வண்டி வைத்திருப்பவர்களுக்குக் கடைசியில் தனியாக எழுதியிருக்கிறேன்.

தொடங்கும் முன்

பெட்ரோலின் ஆவிதான் பற்றும், அது கண்ணுக்குத் தெரியாது. அதனால் திறந்த வெளியில் செய்யுங்கள். வீட்டுக்குள், கேஸ் அடுப்புக்குப் பக்கத்தில், பூஜை விளக்கு எரிகிற திண்ணையில் வேண்டாம். பக்கத்தில் யாரும் பீடி சிகரெட் பிடிக்கக் கூடாது. இன்ஜினும் சைலன்சரும் தொட்டுப் பார்க்கிற சூட்டுக்கு ஆறட்டும். ஒரு வாளி மணலைக் கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள். பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றினால் எரிகிற பெட்ரோல் மிதந்து பரவும்.

வேண்டியவை: ஒரு ஸ்க்ரூ டிரைவர், பிளக் ஸ்பேனர், கட்டிங் பிளேயர், பழைய காட்டன் துணி, வெளியே நன்றாகத் தெரிகிற ஒரு கண்ணாடி பாட்டில்.

1. வண்டி எப்படி நின்றது என்று நினைவுபடுத்துங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். எனக்குப் பாதி விடை இங்கேயே கிடைத்துவிடும்.

சுவிட்சை அணைத்த மாதிரி ஒரே நொடியில் நின்றால் பெரும்பாலும் கரண்ட் பக்கம்தான் கோளாறு. திணறி, இழுவை குறைந்து, மெல்ல அடங்கினால் பெட்ரோல் பக்கம்.

சிக்னலில் நிற்கும்போது மட்டும் ஆஃப் ஆகி, ஓடும்போது நன்றாக இருந்தால் ஸ்லோ ஜெட், அதாவது ஐடிலிங்குக்குப் பெட்ரோல் விடுகிற கார்புரேட்டரின் சின்னத் துளை. சில கிலோமீட்டர் ஓடிய பிறகே நின்று, கொஞ்ச நேரம் விட்டால் தானே சரியானால் மூடி ஓட்டை, காக், பில்டர் மூன்றில் ஒன்று. மழைக்குப் பிறகோ பெட்ரோல் போட்ட சில நிமிடங்களிலோ தொடங்கினால் தண்ணீர். சோக்கை இழுத்தால் ஓடி, விட்டால் நிற்கிறது என்றால் பெட்ரோல் போதவில்லை, அல்லது வழியில் எங்கோ வேண்டாத காற்று நுழைகிறது.

சந்தேகம் தீரவில்லையென்றால் நாலைந்து முறை உதைத்துவிட்டு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நுனி காய்ந்திருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை, கீழே உள்ள படிகள் உங்களுக்குத்தான். நனைந்து பெட்ரோல் வாடை அடித்தால், பெட்ரோல் வருகிறது. ஸ்பார்க் இல்லை, அல்லது பெட்ரோல் அளவுக்கு மீறி வந்து நிரம்பிவிட்டது.

2. டேங்க்கில் பெட்ரோல் இருக்கிறதா?

முள்ளை நம்பாதீர்கள். மூடியைத் திறந்து, வண்டியை லேசாக ஆட்டிக் கண்ணால் பாருங்கள்.

காக்குக்கு டேங்க்குக்குள் இரண்டு வாய் உண்டு. ஆன் நிலைக்கானது உயரமான குழாய். ரிசர்வுக்கானது அடியை ஒட்டி இருக்கும். துருவும் மண்ணும் தண்ணீரும் தங்குகிற இடமும் அந்த அடிதான். அதனால் எப்போதும் ரிசர்விலேயே ஓட்டுகிறவர்களுக்கு அடைப்பு சீக்கிரம் வருகிறது. ஐம்பது ரூபாய்க்கும் நூறு ரூபாய்க்குமாகப் பெட்ரோல் போட்டு ஓட்ட வேண்டிய நிலை பலருக்கு இருக்கிறது, எனக்குத் தெரியும். முடிந்த மாதத்தில் ஒரு முறையாவது ஆன் நிலைக்கு வருகிற அளவுக்குப் போடுங்கள்.

3. மூடியின் மூச்சு ஓட்டை

எண்ணெய் டின்னில் ஒரே ஒரு ஓட்டை போட்டால் எண்ணெய் 'குளுக் குளுக்' என்று விட்டு விட்டு வரும். எதிர் மூலையில் இன்னொன்று போட்டதும் ஒரே சீராக இறங்கும். டேங்க்குக்கு அந்த இரண்டாவது ஓட்டைதான் மூடியில் இருப்பது. அது அடைத்தால், பெட்ரோல் காலியாகிற இடத்தை நிரப்பக் காற்று வராது. உள்ளே வெற்றிடம் கூடி, பெட்ரோலைக் கீழே இறங்க விடாமல் பிடித்துக்கொள்ளும். வண்டி நின்ற பிறகு காற்று மெல்ல மெல்லக் கசிந்து உள்ளே போகும். அதனால்தான் ஐந்து நிமிடத்தில் வண்டி 'தானே சரியாகிறது'.

சோதனை: வண்டி நின்றதும் காத்திருக்காமல் உடனே மூடியைத் திறங்கள். காற்று உள்ளே இழுக்கிற சத்தம் கேட்டு, மூடிவிட்டு உதைத்ததும் ஸ்டார்ட் ஆனால் இதுதான். வெயிலில் நிறுத்திய வண்டியின் மூடியைத் திறக்கும்போது ஆவி வெளியே வருகிற 'உஸ்' வேறு. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

மூடியின் ஓட்டையை மெல்லிய ஊக்கால் நெருடுங்கள். பிறகு உள்பக்கத்திலிருந்து காற்று அடியுங்கள். பஞ்சர் கடைக் காற்றே போதும். டேங்க்கின் மேல் ரெக்சின் உறை போட்டிருந்தால் அது ஓட்டையை மூடுகிறதா என்றும் பாருங்கள்.

4. காக்கும் டியூபும்

காக்கை மூடுங்கள். கார்புரேட்டர் பக்கம் டியூபின் கிளிப்பைப் பிளேயரால் நகர்த்தி, டியூபை மெல்லத் திருகி உருவுங்கள். முனையைக் கண்ணாடி பாட்டிலுக்குள் விட்டு, காக்கைத் திறங்கள்.

பெட்ரோல் ஒரே சீராக ஒழுக வேண்டும். ஆரம்பத்திலிருந்தே சொட்டுச் சொட்டாக வந்தால் காக்கிலோ பில்டரிலோ அடைப்பு. நன்றாக வந்து, போகப் போக மெலிந்தால் மூடியைத் திறந்துவிட்டுப் பாருங்கள். உடனே வேகம் கூடினால் குற்றவாளி மூடிதான். டேங்க்கில் போதிய பெட்ரோல் இருந்தும், ரிசர்வில் நன்றாக வந்து, ஆனில் வரவில்லையென்றால் உயரமான குழாயின் வாய் அடைத்திருக்கிறது.

பல ஸ்கூட்டர்களில் காக் இன்ஜினின் உறிஞ்சலில்தான் திறக்கும். அவற்றில் டியூபை உருவினால் ஒன்றும் வராது, அது கோளாறு இல்லை.

டியூபை இரண்டாக மடித்துப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தால் மாற்றிவிடுங்கள். நடுவில் சின்ன பிளாஸ்டிக் பில்டர் இருந்தால் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பழுப்புத் தூள் தெரிந்தால் டேங்க்குக்குள் துரு விழுகிறது. புது பில்டரில் அம்புக்குறி கார்புரேட்டரைப் பார்த்து இருக்க வேண்டும்.

5. தண்ணீர்

மழைக்காலத்தில் எனக்கு அதிகம் அகப்படுவது இதுதான். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஒரு லிட்டர் பெட்ரோல் ஏறக்குறைய முக்கால் கிலோ. அதனால் தண்ணீர் அடியில் போய்த் தங்கும், ஜெட் உறிஞ்சுவதும் அந்த அடியிலிருந்துதான்.

கார்புரேட்டரின் அடியில் கிண்ணம் மாதிரி ஒரு பகுதி இருக்கும். அதன் கீழ்ப்பக்கத்தில் ஒரு டிரெயின் ஸ்க்ரூ. காக்கை மூடி, பாட்டிலைக் கீழே பிடித்து, அந்த ஸ்க்ரூவை இரண்டு சுற்று மட்டும் தளர்த்துங்கள். முழுவதும் கழற்ற வேண்டாம். வந்ததை இரண்டு நிமிடம் அசையாமல் வைத்துவிட்டு, பாட்டிலின் அடியை வெளிச்சத்துக்கு நேராகப் பாருங்கள். தண்ணீர் இருந்தால் நிறமில்லாத முத்துகளாகத் தரையோடு உருளும். பாட்டிலைச் சாய்த்தால் எல்லாம் ஒன்றாகத் திரண்டு பாதரசம் மாதிரி ஓடும். ஒரு முறை பார்த்துவிட்டால் மறக்க மாட்டீர்கள்.

இப்போதைய பெட்ரோலில் இன்னொரு விஷயம் சேர்ந்திருக்கிறது. 2023 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்த இ20 பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். கொஞ்சம் தண்ணீர் என்றால் அதிலேயே கரைந்து, கண்ணுக்குத் தெரியாமல் எரிந்து போய்விடும். ஓர் அளவைத் தாண்டினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் இறங்கிவிடும். அப்போது பாட்டிலில் முத்துகளுக்குப் பதில் இரண்டு அடுக்காகக் கோடு விழும். அப்படிக் கண்டால் கார்புரேட்டரை மட்டும் வடித்துப் பயனில்லை. டேங்க்கையே முழுதாக வடித்து, புதுப் பெட்ரோல் போட வேண்டும்.

வடித்ததைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள்.

6. ஸ்லோ ஜெட்

ஐடிலிங்கில் மட்டும் நிற்கிற வண்டிக்கும், மாதக்கணக்கில் ஓட்டாமல் வைத்த வண்டிக்கும் இது. நின்ற பெட்ரோல் ஆவியாகி, பிசின் மாதிரி ஒரு படலத்தை விட்டுவிடும். ஸ்லோ ஜெட்டின் துளை மிகவும் சிறியது, அதனால் முதலில் அடைபடுவது அது.

கிண்ணத்தைக் கழற்றினால் மிதவையும் பித்தளை ஜெட்டுகளும் தெரியும். கழற்றும் முன் ஒவ்வொரு கட்டத்திலும் போனில் படம் எடுங்கள். ஸ்லோ ஜெட்டைச் சரியான அளவு ஸ்க்ரூ டிரைவரால் மட்டும் கழற்றுங்கள். பித்தளை மிருதுவானது, தலை சிதைந்தால் பெரிய தொல்லை. வானத்தைப் பார்த்துப் பிடித்தால் துளை வட்டமாக வெளிச்சம் காட்ட வேண்டும். காட்டவில்லையென்றால் கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரே அடித்து, ஊறவிட்டு, காற்று அடியுங்கள். கண்ணில் தெறிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். கம்பி, ஊசி எதுவும் விடக் கூடாது. துளை ஒரு இழை பெரிதானாலும் மைலேஜ் போய்விடும்.

ஏர் ஸ்க்ரூவை (ஐடிலிங்கில் காற்றின் அளவைச் சரிசெய்கிற ஸ்க்ரூ) தொடாமல் இருந்தால் நல்லது. கழற்றியே ஆக வேண்டுமென்றால், முதலில் மென்மையாக முழுக்க இறுக்கி, எத்தனை சுற்று வந்தது என்று எழுதிவையுங்கள். திரும்ப மாட்டும்போது அதே சுற்றுக்குத் தளர்த்த வேண்டும்.

வண்டி நின்றிருக்கும்போதே கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் ஒழுகினால், கிண்ணம் நிரம்பியதும் பெட்ரோலை அடைக்க வேண்டிய மிதவை ஊசி சரியாக மூடவில்லை. அதற்கு நாமாக எதுவும் வளைக்க வேண்டாம், மெக்கானிக்கிடம் போங்கள்.

இன்ஜெக்‌ஷன் வண்டியானால்

டியூபை உருவாதீர்கள். உள்ளே ஏறக்குறைய 3 பார் அழுத்தத்தில் பெட்ரோல் நிற்கும், பீச்சியடிக்கும். நீங்கள் செய்யக்கூடியது காதால் கேட்பது. சாவியைப் போட்டதும், ஸ்டார்ட் செய்யும் முன், டேங்க் பக்கத்திலிருந்து இரண்டு மூன்று நொடி 'ங்ங்ங்' என்று பம்ப் ஓடுகிற சத்தம் வர வேண்டும். வரவில்லையென்றால் கில் சுவிட்ச், பிறகு பியூஸ். வண்டி கீழே சாய்ந்திருந்தால், சாய்வு சென்சார் இன்ஜினை நிறுத்தியிருக்கும். நிமிர்த்தி, சாவியை அணைத்து மறுபடி போடுங்கள். மீட்டரில் இன்ஜின் விளக்கு விட்டு விட்டு எரிந்தால் அதை வீடியோ எடுத்து வையுங்கள், எண்ணிக்கையை வைத்தே கோளாறைப் படிப்பார்கள்.

இந்தப் பம்ப் டேங்க்குக்குள்ளேயே மூழ்கி இருக்கிறது. சுற்றியுள்ள பெட்ரோல்தான் அதைச் சூடேறாமல் காக்கிறது. கடைசிச் சொட்டு வரை ஓட்டுகிற பழக்கம் இந்த வண்டிகளுக்கு ஆகவே ஆகாது.

மாட்டிய பிறகு

டியூபை முழுக்கத் தள்ளி, கிளிப்பை அதன் இடத்தில் உட்கார வையுங்கள். டிரெயின் ஸ்க்ரூ இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். காக்கைத் திறந்து, கிண்ணம் நிரம்ப ஒரு நிமிடம் விடுங்கள். அந்த நேரத்தில் ஒவ்வொரு இணைப்பையும் உலர்ந்த துணியால் ஒற்றிப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் ஸ்டார்ட் செய்யக் கூடாது. எல்லாம் காய்ந்திருந்தால் ஸ்டார்ட் செய்து, ஆக்சிலேட்டரைத் தொடாமல் மூன்று நிமிடம் ஓட விடுங்கள். பிறகு வழக்கமாக எத்தனை கிலோமீட்டரில் நின்றதோ அதைப் போல இரண்டு மடங்கு தூரம், மெக்கானிக் கடை இருக்கிற சாலையாகப் பார்த்து, பகல் வெளிச்சத்தில் ஓட்டிவிட்டு வாருங்கள். நான் அன்று நத்தம் வரை போய், அதே டீக்கடைக்குத் திரும்பி வந்தேன். பெரியவர் இன்னும் அங்கேதான் இருந்தார்.