உயிரியல் பாதுகாப்புப் பாட்டு, நடனப் போட்டி: முதல் தடவை சேருகிறவர்களுக்கு

தலைப்பைக் கேட்டதும் “இது விஞ்ஞானப் பாடமல்லோ” என்று பின்வாங்குகிறவர்கள் அதிகம். பயிருக்கும் கால்நடைக்கும் மனிதருக்கும் கேடான பூச்சி, களை, கிருமி ஒன்று புது இடத்துக்குள் நுழையாமல் பார்ப்பதுதான் விஷயம். வெள்ளவத்தையில் இரவு பஸ் ஏறி யாழ்ப்பாணம் போய், மாங்கன்றோடு திரும்புகிற நமக்கு இது தூரத்துச் சங்கதியே அல்ல.

1. விதிமுறை

வயதுப் பிரிவு, குழுவில் எத்தனை பேர், எத்தனை நிமிடம், எந்த மொழி. இந்த நான்கையும் முதலில் குறித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் ஆடினால் பெற்றோரின் எழுத்துச் சம்மதத்தை அன்றைக்கே வாங்கி வையுங்கள்.

2. ஒரு உயிர், ஒரு செயல்

புதியவர்கள் சறுக்குவது இங்கேதான். டெங்கு நுளம்பு, ஆபிரிக்க நத்தை, 2018இல் சோளத்தைத் தின்ற சேனா படைப்புழு எல்லாவற்றையும் ஒரே பாட்டில் அடைத்தால் அது துண்டுப்பிரசுரமாகிவிடும். ஒன்றை மட்டும் எடுங்கள்.

மலையகக் குடும்பம் என்றால் கோப்பிக் கதை இருக்கிறது. 1869இல் இங்கே கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் கோப்பித் தோட்டங்களை அழித்தது, அந்த இடத்தைத் தேயிலை பிடித்தது. நான் ஒரு நடுவராக இருந்தால் இந்தக் கதைக்குத்தான் முதலில் காது கொடுப்பேன்.

வடக்கோடு தொடர்புள்ளவர்களுக்குப் பார்த்தீனியம் என்ற களை. கரட் இலை போன்ற இலை, சின்ன வெள்ளைப் பூ. ஒரு செடியே 10,000க்கு மேல் வித்துப் போடும். வித்து வாகனச் சில்லிலும் சப்பாத்துச் சேற்றிலும் ஒட்டிக்கொண்டு ஊர் மாறும். தொட்டால் சிலருக்குத் தோல் அரிக்கும். எனவே செய்யவேண்டியது: பூக்குமுன் உறை போட்ட கையால் வேரோடு பிடுங்குவது.

3. பாட்டு

சினிமா மெட்டு வேண்டாம், பதிப்புரிமைச் சிக்கல் வரும். கும்மி மெட்டு எல்லோருக்கும் சொந்தம். செய்யவேண்டிய செயலையே பல்லவியாக்குங்கள்:

பூக்குமுன் வேரோடே தூக்குங்கடி – வெறுங்
கைபடாமல் அதை நீக்குங்கடி
சப்பாத்துச் சேற்றையும் தட்டுங்கடி – அந்தச்
சள்ளையைச் சாக்கிலே கட்டுங்கடி

சரணங்கள் இரண்டு போதும்: எப்படி வந்தது, விட்டால் என்ன ஆகும். எழுதியதைக் கைதட்டிக்கொண்டு பாடிப் பாருங்கள். மூச்சு முட்டும் இடத்தில் ஒரு சொல்லை வெட்டுங்கள், அது எவ்வளவு அருமையான தகவலாக இருந்தாலும் சரி.

4. ஆட்டம்

அசைவு செயலிலிருந்தே வரட்டும். “தூக்குங்கடி”க்கு முழங்கால் மடித்துக் குனிந்து, தண்டின் அடியைப் பிடித்து இழுங்கள். நுனியைப் பிடித்தால் செடி அறுந்து வேர் மண்ணிலேயே நின்றுவிடும், நடுவர்களில் ஒரு விவசாய அதிகாரி இருந்தால் அதைக் கட்டாயம் கவனிப்பார். “தட்டுங்கடி”க்கு வலது காலைப் பின்னால் மடக்கி, உள்ளங்கையால் குதிகாலைத் தட்டுங்கள். கும்மியின் தட்டு சரியாக அங்கேயே விழும்.

ஆட்டத்துக்கு உண்மையான பார்த்தீனியத்தைக் கொண்டுவராதீர்கள்! அதன் வித்துகளை நீங்களே கொழும்புக்கு ஏற்றிவந்த மாதிரி ஆகிவிடும். சந்தையில் கரட்டை இலையோடு வாங்கினால் போதும்.

5. ஒளிப்பதிவு

போனைக் கிடையாக, அசையாமல் வையுங்கள். எல்லோருடைய பாதங்களும் படத்துக்குள் இருக்கவேண்டும். கடற்கரை அழகாகத்தான் இருக்கும், ஆனால் காற்று பாட்டை விழுங்கிவிடும். காலி வீதி ஹோர்னும் கரையோர ரயிலும் அடங்கும் நேரம் பார்த்து, திரைச்சீலை போட்ட அறையில் குரலைத் தனியாகப் பதியுங்கள். பிறகு படத்தோடு சேர்க்கலாம்.

6. அனுப்புதல்

பாட்டு வரிகளைத் தட்டச்சுச் செய்து இணையுங்கள். கொழும்புப் போட்டியில் நடுவர்கள் எல்லோருக்கும் தமிழ் தெரியாமல் இருக்கலாம், ஆகவே சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் நாலு வரிச் சுருக்கம் வையுங்கள். கோப்பின் பெயரில் குழுவின் பெயர் இருக்கட்டும். கடைசி இரவு எல்லோரும் ஒரே நேரத்தில் ஏற்றுவார்கள், நீங்கள் அதற்கு முந்தின நாளே ஏற்றி, கிடைத்ததா என்று ஏற்பாட்டாளர்களிடம் கேட்டு உறுதிசெய்யுங்கள்.