பச்சை குத்திக்கொள்வதற்கு முன்

பச்சை குத்தும் ஊசி, மேல்தோலைக் கடந்து அதன் அடுத்த அடுக்கில் மையை இறக்குவதால்தான் அது ஆயுளுக்கும் நிற்கிறது. ஆகவே, ஊசி எங்கிருந்து வருகிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும். உறையிட்ட புதிய ஊசியை உங்கள் கண்முன்னே பிரிக்கிறார்களா, மையைச் சிறு கிண்ணத்தில் தனியே ஊற்றி, மிஞ்சியதைக் கொட்டிவிடுகிறார்களா என்று கவனியுங்கள். பலருக்குப் பயன்பட்ட ஊசியால் மஞ்சள் காமாலை பி, சி வகைக் கிருமிகளும் எச்.ஐ.வி.யும் பரவக்கூடும் என்பதால், திருவிழாக் கடைகளில் குத்திக்கொள்ளாமல் இருப்பதே நல்லது. இந்தியாவில், பச்சை குத்தியபின் 12 மாதங்களுக்கு இரத்த தானம் செய்ய இயலாது.

மத்திய ஆயுதக் காவல் படைகளில் சேர விரும்புவோர், வணக்கம் செலுத்தும் வலது முன்கையைத் தவிர்ப்பதோடு, அவ்வாண்டின் அறிவிக்கையையும் படித்துவிட வேண்டும். தழும்பு தடித்து வளரும் உடல்வாகு உள்ளவர்களும், சர்க்கரை நோயாளிகளும் மருத்துவரைக் கேட்காமல் முடிவெடுக்கக் கூடாது.

தமிழ் எழுத்துகளைப் பொறிப்பதானால், குத்துபவருக்குத் தமிழ் தெரியாதபோது 'அம்மா' என்பது ஒரு புள்ளி விடுபட்டு 'அமமா' ஆகிவிடும். தோலில் ஒற்றிய மாதிரியை நீங்களே எழுத்தெழுத்தாகப் படித்துப் பாருங்கள். லேசரால் அழிக்கலாம் என்பார்கள். பல அமர்வுகள் பிடிக்கும், வலியும் செலவும் குத்தியதைவிட அதிகம், பச்சை, மஞ்சள் நிறங்கள் எளிதில் போவதுமில்லை.