குழந்தைக்குப் பேச்சு வரத் தாமதமானால்: வீட்டில் எங்கிருந்து தொடங்குவது?

இரண்டு வயதாகியும் குழந்தை பேசவில்லை என்றால் வீட்டில் எல்லோரும் சொல்வது, "அதெல்லாம் பேசும், விடு." ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும், அவங்கப்பாவே மூணு வயசிலதான் பேசினார் என்று பாட்டி தேற்றுவார். சில குழந்தைகள் தாமாகப் பேசிவிடுவது உண்மைதான். ஆனால் எந்தக் குழந்தை தானாகப் பேசும், எதற்கு உதவி வேண்டும் என்று பார்த்த மாத்திரத்தில் யாராலும் சொல்ல முடியாது. அதனால் காத்திருக்காதீர்கள். சோதித்துப் பார்த்து ஒன்றுமில்லை என்று தெரிந்தால் போவது ஓரிரு நாள் அலைச்சல்தான். சோதிக்காமல் விட்டால் மொழி வேகமாக வளரும் வயது கையை விட்டுப் போய்விடும்.

படி 1: ஒரு நோட்டில் எழுதுங்கள்

ஒரு வாரம், குழந்தை சொல்கிற எல்லாவற்றையும் எழுதுங்கள். உச்சரிப்பு சரியாக இருக்க வேண்டியதில்லை. சோற்றைப் பார்க்கும்போதெல்லாம் "மம்மு", பூனையைப் பார்த்தால் "பூ" என்று ஒரே பொருளுக்கு ஒரே ஒலி வந்தால் அது வார்த்தைதான். "டாட்டா", "காக்கா" எல்லாம் கணக்கில் சேரும். அம்மா தெலுங்கிலும் அப்பா தமிழிலும் பேசும் வீடானால் இரண்டையும் சேர்த்து எண்ணுங்கள். சைகைகளையும் எழுதுங்கள்: விரல் நீட்டிக் காட்டுகிறதா, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறதா, பிடித்த பொருளை எடுத்து வந்து உங்களிடம் காட்டுகிறதா.

பொதுவாக, ஒரு வயதில் மழலை ஒலிகளும் சைகைகளும் இருக்கும். ஒன்றரை வயதில் சில வார்த்தைகள் வந்திருக்கும். இரண்டு வயதில் சுமார் 50 வார்த்தைகளும், "அம்மா வா", "தண்ணி தா" போன்ற இரண்டு வார்த்தைச் சேர்க்கையும் எதிர்பார்க்கலாம். இதில் பெரிய இடைவெளி தெரிந்தால் அடுத்த படிக்குப் போங்கள். ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருந்த வார்த்தைகள் நின்றுபோனால், எந்த வயதானாலும் உடனே டாக்டரைப் பாருங்கள்.

படி 2: முதலில் காது

எனக்குத் தெரிந்த பெற்றோர் பலர் தள்ளிப்போடுவது இதைத்தான். "குக்கர் விசில் அடிச்சா திரும்புறானே, காது நல்லாத்தான் கேக்குது" என்பார்கள். கதவு அறையும் சத்தத்துக்குத் திரும்பும் குழந்தைக்கு "ச", "ஸ்" போன்ற மெல்லிய ஒலிகள் கேட்காமல் இருக்கலாம். அப்போது நாம் பேசுவது அதற்கு அரைகுறையாகத்தான் விழும். அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தைக்கு நடுச்செவியில் நீர் கோத்துக்கொண்டு கொஞ்ச காலம் கேட்கும் திறன் குறையலாம், அது சரிசெய்யக்கூடியது. மாமன் மகள், அக்கா மகள் என்று சொந்தத்தில் திருமணம் செய்த குடும்பமென்றால் பிறவிக் காதுக் குறைபாட்டுக்கான வாய்ப்பு சற்றுக் கூடுதல். குறைமாதத்தில் பிறந்து இன்குபேட்டரில் இருந்திருந்தாலும் அதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

சிறு குழந்தைகளுக்கு ஓஏஇ, பெரா என்று இரண்டு காதுச் சோதனைகள் உண்டு. இரண்டிலும் வலி இல்லை. பெரா எடுக்கக் குழந்தை அசையாமல் தூங்க வேண்டும். அதனால் அன்றைக்குச் சீக்கிரம் எழுப்பிவிடுங்கள், ஆட்டோவில் தூங்கவிடாதீர்கள், பால் பாட்டிலும் வழக்கமாகப் போர்த்திக்கொள்ளும் துணியும் எடுத்துப் போங்கள். இந்தச் சின்ன ஏற்பாடு இல்லாமல் சோதனை நடக்காமலே திரும்புகிறவர்கள் உண்டு.

படி 3: சென்னையில் எங்கே போவது

உங்கள் வழக்கமான குழந்தைகள் டாக்டரிடம் நோட்டைக் காட்டுவதுதான் தொடக்கம். செலவுக்குத் தயக்கம் என்றால் எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனைக்குப் போகலாம். பிறந்த குழந்தை முதல் 18 வயதுவரை வளர்ச்சித் தாமதத்தைக் கண்டறிய 2013 முதல் நடக்கும் மத்திய அரசுத் திட்டம் ஒன்று இருக்கிறது. அங்கன்வாடியில் வந்து பார்க்கும் மருத்துவக் குழு அதைச் சேர்ந்ததுதான்; அவர்களிடமும் கேளுங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் உள்ள மத்திய அரசின் பல்வகை மாற்றுத்திறனாளிகள் நிறுவனத்திலும் பேச்சுப் பயிற்சி உண்டு. காது கேட்பதில் குறை என்று உறுதியானால், அடையாறில் 1969 முதல் இயங்கும் பால வித்யாலயா பள்ளி காது கேளாத சிறு வயதுக் குழந்தைகளுக்கானது. காக்ளியர் இம்ப்ளான்ட் (ஒலியைக் கேட்க உதவ, அறுவை சிகிச்சை செய்து காதில் பொருத்தும் கருவி) தேவைப்படும் சிறு குழந்தைகளுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் வழி இருக்கிறது. வயது வரம்பு உண்டு என்பதால் தாமதிக்க வேண்டாம்.

தனியாரிடம் பேச்சுப் பயிற்சி தரும் தெரபிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று தயங்காமல் கேளுங்கள்.

படி 4: கேள்வியைக் குறைத்து, காத்திருங்கள்

அப்பாயின்ட்மென்ட் கிடைக்கும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. நாம் குழந்தையிடம் பேசுவதில் பாதி கேள்வியாகத்தான் இருக்கும். "இது என்ன? காக்கா சொல்லு! மாமாவுக்குச் சொல்லிக் காட்டு!" பேச வராத குழந்தைக்கு இது பரீட்சைதான். அதற்குப் பதில், தரையில் உட்கார்ந்து முகம் நேருக்கு நேர் இருக்கும்படி, அது எதைப் பார்க்கிறதோ அதைப் பற்றி நீங்கள் பேசுங்கள். காரை உருட்டினால், "கார் போகுது... போகுது... நின்னுடுச்சு!" அவ்வளவு போதும்.

அப்புறம், இடைவெளி விடுங்கள். தண்ணீர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, "தண்ணி..." என்று சொல்லி மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். குழந்தை பார்த்தாலும், கை நீட்டினாலும், "தா" என்று நீங்களே சொல்லிக் கொடுத்துவிடுங்கள். சொன்னால்தான் தருவேன் என்று பிடித்து வைக்காதீர்கள். அழுகை வந்தால் அங்கே பேச்சு வளராது. ஊஞ்சலில் "ஒண்ணு, ரெண்டு..." என்று நிறுத்தினால் "மூணு" தானாக வரும் நாளும் வரும்.

முதலில் குறி வைக்க வேண்டியவை நம் ஓரெழுத்துச் சொற்கள்: தா, வா, போ. வாய்க்கு எளிது, உடனே பலனும் கிடைக்கும். குழந்தை ஒரு வார்த்தை சொன்னால் நீங்கள் இன்னொன்றைச் சேருங்கள். "பஸ்" என்றால் "பச்சை பஸ்", "பஸ் போச்சு". பால்கனியில் நின்றாலே நம் ஊரில் பாடம் நிறைய: தண்ணி லாரி, தெரு மாடு, மீன்காரம்மாவின் குரல், மேலே போகிற மெட்ரோ. ர, ழ போன்ற ஒலிகள் மெதுவாகத்தான் பழகும், "மயை" என்றால் திருத்த வேண்டாம். "ஆமா, மழை" என்று சரியாகச் சொல்லிவிட்டு நகருங்கள்.

படி 5: செல்போன்

இரண்டு வயதுக்குள் திரை வேண்டாம் என்பதே இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் அறிவுரை. சோறு ஊட்டும்போது போனை எடுத்துவிட்டால் முதல் சில நாள் ரகளையாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள், ஒரு நாளில் அதிகம் பேசக் கிடைக்கும் நேரமே அதுதான்.

படி 6: வீட்டு மொழியை விடாதீர்கள்

"இங்கிலீஷ்ல மட்டும் பேசுங்க, ரெண்டு மொழி இருந்தா குழம்பிடும்" என்று சிலர் சொல்வார்கள். இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை. கொஞ்சவும் திட்டவும் கதை சொல்லவும் உங்களுக்குத் தடையில்லாமல் வருகிற மொழி எதுவோ, குழந்தைக்கு அதுதான் வேண்டும். பாட்டியைத் தமிழ் பேசாதே என்று தடுத்தால், வீட்டில் அதிகம் பேசுகிறவரின் வாயை அடைத்ததாகும்.

செய்யக் கூடாதவை

வசம்பை இழைத்து நாக்கில் தடவும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அதனால் பேச்சு வராது. உள்ளே போனால் வாந்தி வரலாம். ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது. நாக்கு ஒட்டியிருப்பதால்தான் பேசவில்லை என்று யாராவது சொன்னால், வெட்டுவதற்கு முன் தெரபிஸ்டிடம் கேளுங்கள். பெரும்பாலும் அது வார்த்தை வராததற்குக் காரணமாக இருப்பதில்லை. கோயிலுக்கு வேண்டிக்கொண்டால் தாராளமாகப் போய் வாருங்கள், காதுச் சோதனையை மட்டும் அதற்காக ஒத்திப் போடாதீர்கள்.

படி 7: தெரபி தொடங்கிய பிறகு

வாரத்துக்கு ஒன்றிரண்டு வகுப்பு மட்டும் போதாது. முடிந்தால் உள்ளே உட்கார்ந்து பாருங்கள், அந்த வாரம் வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டு எழுதுங்கள். அதையே பாட்டிக்கும், பார்த்துக்கொள்ள வருகிற அக்காவுக்கும் காட்டிக் கொடுங்கள். பிளே ஸ்கூலில் சேர்க்கும்போது விஷயத்தை மறைக்காதீர்கள். குழந்தை சொல்கிற வார்த்தைகள், அதன் அர்த்தம், பாத்ரூம் போக எப்படிக் கேட்கும் என்பதை ஒரு தாளில் எழுதி டீச்சர் கையில் கொடுங்கள்.