பெரியப்பாவின் குயர் நோட்டுகள்: அவர் போன பிறகு செய்யக் கூடாதவை

காவிரிக் கரையில் கொஞ்சம் பெரிய குடும்பம் என்றால் இப்படி ஒருவர் இருப்பார். வாத்தியாராகவோ தபால் ஆபீஸ் குமாஸ்தாவாகவோ ஓய்வு பெற்று, மிச்சக் காலமெல்லாம் குடும்ப வம்சாவளி எழுதிக்கொண்டிருப்பார். எந்தக் கிளை திருவையாற்றை விட்டு மன்னார்குடிக்குப் போனது, யார் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கு போனது, எல்லாம் அவருக்கு அத்துபடி. அச்சில் ஒரு வரி வந்திருக்காது. அவர் போன பிறகு குயர் நோட்டுகளும் ஒரு டிரங்குப் பெட்டியும்தான் மிஞ்சும்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு வீட்டைச் சுத்தம் செய்ய இறங்குவதில்தான் பெரிய சேதம் தொடங்குகிறது. பழைய பேப்பர்காரருக்குப் போடுகிறவர்களை விடுங்கள். அக்கறையுள்ளவர்கள் செய்யும் கெடுதல் வேறு மாதிரி. கடிதமெல்லாம் ஒரு பையில், போட்டோவெல்லாம் ஆல்பத்தில், கல்யாணப் பத்திரிகைகள் தனிக் கட்டாக என்று அழகாகப் பிரித்து அடுக்கிவிடுவார்கள். ஒரு பத்திரிகை நோட்டின் நடுவே செருகியிருந்தது என்றால், அந்தப் பக்கத்தில் அவர் எழுதிய உறவுக்கு அதுதான் ஆதாரம். பிரித்த பிறகு எது எதற்குச் சாட்சி என்று சொல்ல ஆளில்லை. எதையும் தொடுவதற்கு முன் பீரோவை, பெட்டியை, பரணை இருந்தபடியே போட்டோ எடுங்கள். ஒவ்வொரு கட்டுக்கும் பென்சிலால் ஒரு எண் போடுங்கள். அது போதும், ஒழுங்குபடுத்துவதைப் பிறகு நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது தட்டச்சு மோகம். அமெரிக்காவிலிருந்து வந்த பையன் இரண்டு வாரத்தில் மொத்தத்தையும் எக்செல்லில் ஏற்றிவிடுவான். நோட்டில் ஒரு பக்கத்தைப் பாருங்கள்: ‘சாமிநாதன் (கீ.வீ.)’ என்று நீல மையில் இருக்கிறது, அவர் தகப்பனார் பெயர் பென்சிலில், பக்கத்தில் சிவப்பில் ஒரு கேள்விக்குறி, ஓரத்தில் ‘அத்தை சொன்னது’ என்று பொடி எழுத்து. மையில் இருப்பது பத்திரத்தைப் பார்த்து எழுதியதாக இருக்கலாம், பென்சில் காதால் கேட்டதாக இருக்கலாம். எக்செல்லில் எல்லாம் ஒரே கறுப்பு. சந்தேகமாக அவர் விட்டுவைத்ததெல்லாம் ஒரே நாளில் சத்தியமாகிவிடும். பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைக்கும் குடும்பத்தில் நாலு சாமிநாதன் இருப்பார்கள், ‘கீ.வீ.’ என்றால் கீழவீடா, கீழவீதியா என்பதே கிளையை மாற்றிவிடும். அதைச் சொல்லக்கூடிய அத்தையும் சித்தப்பாவும் இன்றைக்கு இருக்கிறார்கள். ஸ்கேன் வேலை ஆறு மாதம் தள்ளிப் போனாலும் பாதகமில்லை, முதலில் நோட்டை அவர்கள் முன் விரித்துவைத்துப் பேச்சைப் பதிவு செய்யுங்கள்.

தட்டச்சு செய்கிறவர்கள் திருத்தவும் ஆரம்பிப்பார்கள். ‘மாயவரம், தஞ்சாவூர் ஜில்லா’ என்று இருப்பதை ‘மயிலாடுதுறை மாவட்டம்’ என்று மாற்றுவார்கள். ஊருக்கு அந்தப் பெயர் வந்தது 1982இல், தனி மாவட்டமானது 2020இல். பழைய பதிவு தஞ்சாவூர் ஜில்லாக் கணக்கில்தான் இருக்கும்; திருத்திய முகவரியை வைத்துக்கொண்டு தேடினால் கிடைக்காது. தமிழ் வருஷமும் அப்படித்தான். ‘விரோதி வருஷம் தை மாசம்’ என்றால் 1890ஆகவும் இருக்கலாம், 1950ஆகவும் இருக்கலாம். 60 வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வருமே! நிலவரிக் கணக்கின் ஆண்டான பசலி பரவாயில்லை, 590ஐக் கூட்டினால் அந்தப் பசலி தொடங்கும் ஆங்கில வருஷம் வந்துவிடும்: பசலி 1310 என்றால் 1900 ஜூலை முதல் 1901 ஜூன் வரை. எப்படியிருந்தாலும் அவர் எழுதியதை எழுதியபடி வைத்து, உங்கள் கணக்கைப் பக்கத்தில் தனியாகப் போடுங்கள்.

காகிதத்துக்கு ஆகாதவை தெரிந்தவைதான்: லேமினேஷன், செலோடேப், ரப்பர் பேண்ட், துருப்பிடிக்கும் குண்டூசி. நனைந்ததை உச்சி வெயிலில் காயவைப்பதும் கூடாது, மின்விசிறிக் காற்றில் நிழலில் உலரட்டும். ஓலைச்சுவடி இருந்தால் நீங்களாக எண்ணெய் எதையும் தடவாமல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் ஓலைச்சுவடித் துறையில் கேளுங்கள். ஞாபகார்த்தமாக வெளிநாட்டுக்குக் கொண்டுபோவதும் வேண்டாம். வரலாற்று, இலக்கிய மதிப்புள்ள கையெழுத்துப் படி 75 வருஷம் பழையது என்றால், 1972ஆம் வருஷத் தொல்பொருள் சட்டப்படி தனிநபர் நாட்டை விட்டு எடுத்துப்போக முடியாது.

கடைசிக் காலத்தில் அவர் கம்ப்யூட்டரும் பழகியிருந்தால் வேறு தலைவலி. மாச ரீசார்ஜ் தண்டம் என்று முதல் வேலையாக அவர் சிம்மை விட்டுவிடுவார்கள். அப்புறம் ஓடிபி வராது, மின்னஞ்சலுக்குள் போக வழியில்லை. கூகுள் கணக்கை 2 வருஷம் யாரும் தொடாவிட்டால் அந்த நிறுவனமே அதை அழித்துவிடலாம். பாமினி எழுத்துருவில் அவர் அடித்த ஃபைலைப் புதுக் கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாக வரும். கெட்டுப்போனது என்று அழித்துவிடாதீர்கள், யூனிகோடுக்கு மாற்றக் கருவிகள் இருக்கின்றன. ஸ்கேன் படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணப் போட்டோவாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாக்குமென்டாக அனுப்ப வேண்டும். எல்லாவற்றையும் ஒரே வீட்டில் வைப்பதும் சரியில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது எத்தனை வீட்டுக் கூரை பறந்தது என்று டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இனி சங்கடமான விஷயம். இரண்டாம் தாரம், சுவீகாரம், சொத்துச் சண்டை என்று நோட்டில் எல்லாம் இருக்கும். குடும்ப மானம் என்று அந்தப் பக்கங்களைக் கிழிக்கிறவர்கள் உண்டு. மறுபக்கம், அப்படியே அச்சடித்துக் கல்யாணத்தில் விநியோகிக்கிறவர்களும் உண்டு. உயிரோடு இருப்பவர்களைப் பற்றிய பக்கங்களை உறையில் போட்டு ஒட்டி, எந்த வருஷம் பிரிக்கலாம் என்று மேலே எழுதிவைப்பது இரண்டுக்கும் நடுவழி.

நோட்டு என் வீட்டில் இருக்கிறது, ஆகவே பதிப்பிக்கும் உரிமையும் எனக்குத்தான் என்பதும் தப்பு. உயிலில் கையெழுத்துப் பிரதியை ஒருவருக்கு எழுதிவைத்திருந்தால், வேறு விதமாகச் சொல்லாதவரை, காப்புரிமையும் அதோடு சேர்ந்தே போகும். உயில் இல்லையென்றால் வாரிசுகள் எல்லோருக்கும் பங்கு உண்டு. அவர் காலத்தில் வெளிவராத எழுத்துக்கு, முதலில் வெளியான ஆண்டை அடுத்து 60 வருஷம் உரிமை நீடிக்கும். புத்தகம் போடுமுன் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

நூலகத்துக்குக் கொடுப்பதாக இருந்தாலும் மூட்டையாகக் கொண்டுபோய் இறக்காதீர்கள். குடும்பக் காகிதங்களை வாங்குவார்களா என்று முதலில் எழுதிக் கேளுங்கள். சரி என்றால், கட்டு எண்களோடு பட்டியல், யார் பார்க்கலாம், ஒட்டிய உறைகளை எப்போது பிரிக்கலாம், இவ்வளவும் உள்ள கடிதத்தில் இரு தரப்பும் கையெழுத்திட்டு, பிரதி ஒன்று வீட்டில் இருக்க வேண்டும்.