ஆச்சியிடம் கேட்க மறந்தவை: நெல்லைச் சீமையில் குடும்ப வரலாறு தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பங்குனி உத்திரத்துக்குக் குலதெய்வமான சாஸ்தா கோயிலில் கூடுகிற அன்றுதான் பலருக்கு இந்த எண்ணம் வரும். பொங்கல் பானை இறங்கி, பந்தி முடிந்து, மரத்தடியில் ஜமுக்காளத்தை விரித்து உட்கார்ந்து பேசினால், மதுரையிலிருந்து வந்தவர், சென்னையிலிருந்து வந்தவர், துபாயிலிருந்து லீவில் வந்தவர் எல்லாரும் ஒரே தாத்தாவின் வழி என்று தெரியவரும். "யாராவது இதையெல்லாம் எழுதி வைக்கணும்டே" என்று ஒரு பெரியப்பா சொல்வார். எங்கள் வகையறாவில் அந்த வேலையை எடுத்துக்கொண்டவன் நான். பிறகு தெரிந்த குடும்பங்கள் சிலவற்றுக்கும் உடனிருந்து உதவினேன். போகிற இடமெல்லாம் அதே தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. அவற்றில் பாதியை நானும் செய்திருக்கிறேன்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, முடிவைக் கையில் வைத்துக்கொண்டு தேடப் போவது. "நாம கட்டபொம்மன் படையில இருந்த குடும்பம்" என்றோ "பாண்டிய ராஜா எழுதிக் கொடுத்த நிலம்" என்றோ ஒரு பேச்சு எல்லா வீட்டிலும் உண்டு. கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டது 1799 அக்டோபர் 16. அன்றிலிருந்து இன்றுவரை ஏழெட்டுத் தலைமுறை கடந்திருக்கும். தாத்தாவின் தாத்தா பெயரே உறுதியாகத் தெரியாத நிலையில் ஒரே தாவலில் அங்கே போய் நின்றால், நடுவில் வாழ்ந்தவர்கள் அத்தனை பேரும் காணாமல் போவார்கள். நிலத்தை ஒத்திக்கு வைத்து மகளைக் கட்டிக் கொடுத்தவர், கொழும்புக்குக் கப்பலேறிக் கடை வைத்தவர், பஞ்சத்தில் ஊர்விட்டு ஊர் வந்தவர் எல்லாரும்தான் நம் குடும்பம். உங்களிடமிருந்து அப்பா, அப்பாவிடமிருந்து தாத்தா என்று படிப்படியாக மேலே போங்கள். ஒவ்வொரு படிக்கும் ஒரு தாளோ, நேரில் பார்த்தவர் வாய்ச்சொல்லோ வேண்டும். கட்டபொம்மன் கதையையும் விட்டுவிட வேண்டாம். "குடும்பத்தில் இப்படிச் சொல்வார்கள், சொன்னவர் இன்னார், சொன்ன தேதி இது" என்று தனியாக எழுதி வையுங்கள்.

ஆச்சியிடம் வருஷம் கேட்காதீர்கள்

"நீங்க எந்த வருஷம் பொறந்தீங்க ஆச்சி?" என்று கேட்டால் ஆதார் அட்டையில் உள்ளதைச் சொல்வார்கள். பல மூத்தவர்களுக்கு அது பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் குத்துமதிப்பாகப் போட்ட தேதி. பிறப்பு இறப்புப் பதிவுக்கு நாடு முழுக்க ஒரே சட்டம் வந்ததே 1969-இல்தான். ஆகவே ஆண்டைக் கேட்காமல் நடந்ததைக் கேளுங்கள். சுதந்திரம் வந்தப்போ உங்களுக்குச் சடங்கு கழிஞ்சிட்டா? தனுஷ்கோடிப் புயலப்போ யாரெல்லாம் வீட்டுல இருந்தாவ? "அப்பம் உங்க பெரியப்பா வயித்துல, உங்க தாத்தா கொழும்புல இருந்தாவ" என்று ஒரு வரி வரும். புயல் 1964 டிசம்பர். அந்த ஒரு வரியில் ஒரு பிறப்பும் ஒரு பயணமும் ஆண்டோடு கிடைத்துவிட்டன. தாமிரபரணி ஊருக்குள் வந்த 1992 நவம்பர் வெள்ளமும் இந்தப் பக்கத்தில் யாரும் மறக்காத கணக்கு.

தமிழ் வருஷப் பெயரைச் சொன்னால் கூடுதல் கவனம் தேவை. "தாது வருஷம்" என்றதும் பெரும்பஞ்சத்தின் 1876 என்று எழுதிவிடுகிறார்கள். அறுபது வருஷத்துக்கு ஒருமுறை தாது திரும்பி வரும்: 1876, 1936, 1996. ஆச்சியின் அண்ணன் தாது வருஷத்தில் பிறந்தவர் என்றால் அது 1936.

நாலு பேர் நடுவில் கேட்பதும் தவறு. மூத்த மாமா ஒருவர் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்வார், பெண்கள் வாயே திறக்க மாட்டார்கள். முருங்கைக்கீரை உருவும்போதோ மத்தியானம் திண்ணையில் காலை நீட்டியிருக்கும்போதோ தனியாகப் போய் உட்காருங்கள். குறுக்கே பேசாதீர்கள். இதை ஒரு வருத்தத்தோடு சொல்கிறேன். தன் மாமனாரைப் பற்றி எங்கள் ஆச்சி சொல்லிக்கொண்டிருந்தபோது, "பத்திரத்துல வேற மாதிரி இருக்கே ஆச்சி" என்று நான் திருத்தினேன். "அப்பம் பத்திரத்தப் பாத்தே எழுதிக்கிடு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்கள். அதன்பின் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. அவர்கள் இறந்து இரண்டு வருஷம் கழித்துத்தான் புரிந்தது: பத்திரத்தில் இருந்தவர் அதே பெயருள்ள இன்னொருவர், ஆச்சியுடைய மாமனாரின் சித்தப்பா மகன். ஆச்சி சொன்னது சரி.

ஒரே பெயரில் பல பேர் என்ற சிக்கல் இந்தச் சீமையில் ரொம்ப அதிகம். பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதுதான். தாத்தாவுக்கு மூன்று மகன் இருந்தால் மூவரும் தத்தம் தலைப்பிள்ளைக்கு அப்பா பெயரை வைப்பார்கள். ஒரே தெருவில், ஏறக்குறைய ஒரே வயதில், மூன்று சுடலைமுத்து. பெயர் ஒன்றாக இருப்பதை வைத்து ஒரே ஆள் என்று முடிவு கட்டாதீர்கள். அப்பா பெயர், மனைவி பெயர், தெரு இவற்றில் குறைந்தது இரண்டு பொருந்த வேண்டும். பட்டப்பெயரைக் கௌரவக் குறைச்சல் என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் மூவரையும் பிரித்துக் காட்டுவது "கொழும்பான்", "மேலவீட்டான்" போன்ற அந்தப் பெயர்தான். இன்னொன்று, மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லும் வழக்கம் கிடையாது. அதனால் தாத்தா பெயர் வைத்த பிள்ளையை அம்மா வேறு பெயரால்தான் கூப்பிட்டிருப்பாள். ஊரில் ராசா என்று அறியப்பட்டவர் பள்ளிக்கூடப் பதிவில் சங்கரலிங்கமாக இருப்பது இதனால்தான். கணவர் பெயரைக் கேட்டாலும் ஆச்சிமார் "திருச்செந்தூர்ல இருக்க சாமி பேரு" என்றுதான் சொல்வார்கள். அதில் சுப்பிரமணியனா, ஆறுமுகமா, செந்திலா என்று இன்னொருவரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

பத்திரத்தை நிலத்துக்காக மட்டும் படிப்பது

வீட்டுப் பெட்டியில் கிடக்கும் கிரயப் பத்திரம், ஒத்திப் பத்திரம், பாகப்பிரிவினைப் பத்திரம் இவற்றை எடுத்ததும் எல்லார் கண்ணும் சர்வே எண்ணுக்கும் பரப்புக்கும் போகும். "நமக்கு வரவேண்டியது ஏதாவது இருக்கா?" என்ற பார்வை. வரலாறு தேடுகிறவருக்கு வேண்டியது மற்ற வரிகளில் இருக்கிறது. எழுதிக் கொடுத்தவர், வாங்கியவர் இருவருக்கும் அப்பா பெயர், ஊர், தொழில் போட்டிருக்கும். நான்கெல்லை சொல்லும் இடத்தில் "இன்னார் வீட்டுக்கு மேற்கு, இன்னார் நஞ்சைக்கு வடக்கு" என்று அண்டை அயலார் வந்துவிடுவார்கள். ஒரே தெருவின் நாலைந்து பத்திரங்களை அடுத்தடுத்து வைத்தால் நூறு வருஷத்துக்கு முந்தைய அந்தத் தெருவையே வரைந்துவிடலாம். சாட்சிக் கையெழுத்துகளையும் பாருங்கள். சாட்சி போட்டவர் பெரும்பாலும் மைத்துனராகவோ சம்பந்தியாகவோ இருப்பார். எதற்காகக் கடன் வாங்கினார் என்ற வரியில் மகள் கல்யாணச் செலவு, பழைய கடன், வழக்குச் செலவு என்று ஒரு வாழ்க்கையே இருக்கும். பாகப்பிரிவினையில் ஒரு மகன் பெயர் விட்டுப்போயிருந்தால் அவர் எங்கே என்று கேளுங்கள். ஊரைவிட்டுப் போனவராகவோ, தத்துக் கொடுக்கப்பட்டவராகவோ இருக்கலாம்.

தேதியில் வழுக்குகிறவர்கள் அதிகம். நெல்லைச் சீமையில் கொல்லம் ஆண்டு என்ற மலையாள ஆண்டுக்கணக்கு வழக்கில் இருந்தது. அதோடு 825-ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும் என்று பொதுவாகச் சொல்வார்கள். இங்கே கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறக்கிறது. ஆவணி தொடங்கி மார்கழிப் பாதிவரை 824-ஐக் கூட்ட வேண்டும். ஜனவரி பிறந்த பிறகுதான் 825. கொல்லம் 1050 ஆவணி என்றால் 1874. அதே 1050 தை என்றால் 1875. தமிழ் எண்களில் எழுதியிருந்தால் ௧ என்பது க போலவும், ௭ என்பது எ போலவும், ௮ என்பது அ போலவும் கண்ணை ஏமாற்றும். ஓலையில் புள்ளி வைக்க மாட்டார்கள், எகர ஏகார வேறுபாடும் இருக்காது. ஊர்ப்பெயரை ஒருவர் வாசித்ததை வைத்து முடிவு செய்யாமல் இன்னொருவரிடமும் காட்டுங்கள். நிலத்தைக் கோட்டை (நெல் அளவு) விதைப்பாடு என்று சொல்லியிருந்தால் அதை ஏக்கராக மாற்றி எழுத வேண்டாம். அது அந்த வயலுக்கு எவ்வளவு விதை பிடிக்கும் என்ற கணக்கு. வயலுக்கு வயல் மாறும். உள்ளதை உள்ளபடியே எழுதுங்கள்.

பழைய சர்வே எண் இன்றைக்கு வேறொரு நிலத்தைக் காட்டும். 1979-இல் தொடங்கிய நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்துக்குப் பிறகு பட்டாக்களில் எண்களும் உட்பிரிவுகளும் மாறியிருக்கின்றன. பழைய எண்ணுக்குப் புது எண் எது என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டு ஒப்பிட்ட பிறகே எழுதுங்கள். கிராமக் கணக்கும் வரிவசூலும் பார்த்த கர்ணம், முன்சீப் பதவிகள் 1980 நவம்பரில் ஒழிக்கப்பட்டன. அந்தக் குடும்பங்களின் பரணில் பழைய நோட்டுகள் கிடக்கக்கூடும். மரியாதையாகப் போய்க் கேட்டுப் பாருங்கள்.

ஜில்லா எல்லையும் அப்படித்தான். 1910-க்கு முன் திருநெல்வேலி ஜில்லா சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர் வரை நீண்டிருந்தது. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரிலும் பின் திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தது; அங்கே பிறந்தவருக்குச் சென்னை மாகாணப் பதிவுகளில் தேடினால் ஒன்றும் கிடைக்காது. தூத்துக்குடி 1986-இலும் தென்காசி 2019-இலும் தனி மாவட்டமாயின. வெள்ளைக்காரர் ஏடுகளில் டின்னவெல்லி, பாளம்கோட்டா, ஷெர்மாதேவி என்று தேட வேண்டும்.

பெண் வழியை விட்டுவிடுவது

இதைத்தான் நான் அதிகம் வற்புறுத்துவேன். வரைந்து சட்டம் போட்ட வம்சப் படங்களைப் பார்த்தால் ஆண் பெயர்களாகவே இருக்கும். பெண்கள் "மனைவி", "மகள் 2" என்று நிற்பார்கள். நம்முடைய உறவோ பெண் எடுத்ததிலும் கொடுத்ததிலும்தான் பின்னிக் கிடக்கிறது. கொண்டையங்கோட்டை மறவர்களுக்குக் கிளை என்ற குலப்பிரிவு தாய்வழியில் வருகிறது; காயல்பட்டினத்தில் மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்து வாழ்கிறார். அங்கெல்லாம் அப்பன் வழியை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் பாதிக் கதை கையில் வராது. கல்யாண மொய் நோட்டை எடுத்துப் பாருங்கள். யார் எந்த ஊரிலிருந்து வந்து எழுதினார் என்பது, பத்திரங்களில் வராத பெண் வழி உறவையெல்லாம் காட்டிவிடும். பல வீடுகளில் கல்யாணமாகாமல் இளவயதில் இறந்த பெண்ணைக் கன்னியாக நினைத்துத் துணி வைத்துக் கும்பிடுவார்கள். அந்தக் கன்னி யார், எப்படிப் போனாள் என்று வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். யாரும் கேட்காததால் சொல்லாமலே இருப்பார்கள்.

கோயிலை வைத்து உறவு சொல்வதிலும் அவசரம் கூடாது. ஒரே சாஸ்தாவைக் கும்பிடுகிறவர்கள் எல்லாரும் ஒரே ரத்தம் என்று எழுதிவிடுகிறார்கள். காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு ஆடி அமாவாசையில் போய்ப் பாருங்கள், எத்தனை சாதிக்காரர்கள் கும்பிடுகிறார்கள் என்று. கோயிலுக்கு யார் யார் வரி கொடுத்தார்கள் என்ற பழைய நோட்டுதான் உறவைச் சொல்லும். வில்லுப்பாட்டுக் கதையையும் நடந்தது நடந்தபடி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்தக் கோயிலோடு சேர்ந்த முத்துப்பட்டன் கதையில், பிராமணனான பட்டன் மணந்த, தாழ்த்தப்பட்ட சாதியில் வளர்ந்த பொம்மக்காவும் திம்மக்காவும் பிறப்பால் பிராமணப் பெண்கள் என்று சொல்லும் பகுதி பின்னால் நுழைந்தது என்று நாங்குநேரிக்காரரான நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் ந. வானமாமலை எடுத்துக்காட்டினார். யார் சங்கடத்தைத் தீர்க்க ஒரு கதை மாறியது என்று கேட்பதும் வரலாறுதான். உங்கள் குடும்பக் கதையிலும் அதைக் கேளுங்கள். ஊர்ப்பெயருக்குத் தலபுராணம் சொல்லும் காரணத்தோடு நின்றுவிடாமல் கல்வெட்டையும் பாருங்கள். அம்பாசமுத்திரம் பாண்டியர் கல்வெட்டில் இளங்கோக்குடி என்றுதான் வருகிறது.

கிறிஸ்தவக் குடும்பங்களில் ஞானஸ்நானப் பதிவோடு வம்சம் தொடங்குவதாக எழுதி முடித்துவிடுகிறார்கள். கிறிஸ்தவர்களின் குடியிருப்பாக முதலூர் 1799-இல் உருவானது. அங்கே வந்து குடியேறியவர்களுக்கு அதற்கு முன்பும் ஊரும் உறவும் இருந்தன. அண்ணன் வழி கிறிஸ்தவ வேதத்திலும் தம்பி வழி சுடலைமாடன் கோயிலிலுமாகப் பிரிந்த குடும்பங்கள் இங்கே நிறைய. இரண்டு பக்கமும் போய்க் கேளுங்கள். கால்டுவெல் 1881-இலும் பேட் 1917-இலும் இந்த ஜில்லாவைப் பற்றி எழுதிய நூல்கள் நிச்சயம் உதவும். ஆனால் அவை ஒரு பாதிரியாரும் ஓர் அதிகாரியும் பார்த்த பார்வை. சாதிகளைப் பற்றி அவற்றில் வருவதை அப்படியே தூக்கிக் குடும்ப வரலாற்றில் ஒட்டாதீர்கள்.

தாளைக் காப்பாற்றப் போய் அழிப்பது

பழைய பத்திரத்தைக் கண்டதும் லேமினேஷன் கடைக்கு ஓடாதீர்கள். சூடும் பசையும் தாளில் ஏறினால் பிறகு பிரிக்கவே முடியாது. செல்லோடேப்பும் சில வருஷத்தில் பழுப்பேறி எழுத்தையும் சேர்த்துக் கெடுக்கும். ஜன்னல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல், முன்னும் பின்னும் படமெடுங்கள். எடுத்த படத்தை மூன்று ஊர்களில் இருக்கும் மூன்று பேரிடம் கொடுத்து வையுங்கள். 2023 டிசம்பர் 17, 18-இல் வந்த வெள்ளத்தில் தாமிரபரணிக் கரையில் எத்தனை வீடுகளில் இரும்புப் பெட்டியோடு தாள்கள் ஊறிப்போயின! போட்டோவின் பின்னால் பேனாவால் அழுத்தி எழுதாமல் மெல்லிய பென்சிலால் பெயர் எழுதுங்கள். செல்லரித்த ஓலைக் கட்டை ஆற்றில் விடுவது புண்ணியம் என்று யாராவது சொன்னால் கையைப் பிடித்துத் தடுங்கள். கரிவலம்வந்தநல்லூர் கோயிலுக்கு உ.வே.சாமிநாதையர் ஏடு தேடிப் போனபோது, இருந்த பழைய ஏடுகளை ஆகம முறை என்று சொல்லி ஹோமத் தீயில் போட்டுவிட்டதாகத் தெரிந்து மனம் நொந்தார். அந்தக் கட்டில் என்னென்ன போயிற்று என்று நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

கிடைத்ததையெல்லாம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடாதீர்கள். இரண்டாம் தாரம், வளர்ப்புப் பிள்ளை, கிணற்றில் விழுந்து இறந்த பெண் என்று தெரியவரும். அவர்களின் பிள்ளைகள் அதே குழுவில் இருப்பார்கள். தனி நோட்டில் எழுதி, சம்பந்தப்பட்டவரிடம் கேட்டுவிட்டுத்தான் மற்றவர்க்குக் காட்ட வேண்டும்.

எழுதியதைப் புத்தகமாக அச்சடித்துவிட்டுப் பிறகு கொண்டுபோய்க் காட்டுவதும் தவறு. நாங்கள் இப்போது ஓரத்தில் நிறைய இடம் விட்டுத் தாளில் எடுத்துக்கொண்டு, பங்குனி உத்திரத்தன்று ஜமுக்காளத்தில் பென்சிலோடு வைத்துவிடுகிறோம். போன வருஷம் ஓர் அத்தை வெகுநேரம் தாளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தன் பெயருக்குக் கீழே தங்கையின் பெயரை எழுதினார்கள். மூன்று வயதில் காய்ச்சலில் போன பிள்ளையாம். அதுவரை எங்கள் தாள் எதிலும் அந்தப் பெயர் இல்லை.