கொல்லத் தெருவில் ஊசி: நைரோபியின் சோமாலி அகதிகளுக்கு உதவும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூன்று பெரிய பைகள். என் பழைய சுடிதார்கள், மகளுக்குச் சிறிதாகிப்போன கவுன்கள், கணவரின் இரண்டு ஸ்வெட்டர்கள். நைரோபிக்கு வந்த முதல் வருடம், ஒன்றைக் காலடியிலும் இரண்டை மடியிலும் வைத்துக்கொண்டு 9-ஆம் நம்பர் மட்டாட்டு மினிபஸ்ஸில், சோமாலிகள் அதிகம் வாழும் ஈஸ்ட்லீ பகுதிக்குப் போனேன். இறங்கி நிமிர்ந்தால் இரண்டு பக்கமும் அடுக்கடுக்காக ஜவுளிக் கடைகள். பக்கத்து நாடுகளிலிருந்தெல்லாம் வியாபாரிகள் மொத்தமாகத் துணி எடுக்க வரும் தெரு அது. கொல்லத் தெருவில் ஊசி விற்கப் போனவர்கள் உண்டு. இலவசமாகக் கொடுக்கப் போனது நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பைகளை வாங்கிக்கொண்ட பெண்மணி முகம் கோணவில்லை. ஏலக்காயும் பட்டையும் தூக்கலாகப் போட்ட பால் டீ கொடுத்து அனுப்பினார். அந்தத் துணிகளை யார் தலையில் கட்டினார் என்று இன்றுவரை கேட்கத் துணிவு வரவில்லை.

1991 ஜனவரியில் அதிபர் சியாத் பாரேயின் ஆட்சி விழுந்து சோமாலியா சிதறியபோது, எல்லை தாண்டிக் கென்யாவுக்குள் வந்தவர்களில் பெரும்பாலோர் தாதாப், காகுமா அகதி முகாம்களுக்குப் போனார்கள். ஒரு பகுதியினர் நைரோபிக்கு வந்து, ஏற்கெனவே சோமாலிகள் வாழ்ந்துகொண்டிருந்த ஈஸ்ட்லீயில் ஒதுங்கினார்கள். அங்கே கரிஸா லாட்ஜ் என்று ஒரு தங்கும் விடுதி. பகலில் கட்டில் மேல் சரக்கைப் பரப்பி விற்க ஆரம்பித்து, அறை அறையாக அது கடையாகவே மாறியது. இன்றைய மால்களுக்கெல்லாம் அதுதான் மூத்தது. முகாமில் இருப்பவருக்கு ரேஷன் உண்டு. நகரத்தில் இருப்பவர் தன் சோற்றைத் தானே தேட வேண்டும். தேடிக்கொண்டார்கள். அதனால் ஏழைகள் இல்லை என்று ஆகிவிடாது. அந்த மால்களின் வாசலில் ஃபிளாஸ்க்கில் டீ விற்கும் பெண்கள், ஒரு அறையில் இரண்டு குடும்பமாக இருப்பவர்கள் எல்லாம் உண்டு. ஆனால் அவர்களிடம் போய் "என்ன வேண்டும்?" என்று கேட்டால் பத்துக்கு எட்டுப் பேர் சொல்வது காசை அல்ல, ஏதோ ஒரு காகிதத்தை. நாம் செய்யும் தவறுகளில் பாதி, அந்தக் காகிதத்தின் அருமை தெரியாமல் செய்வது.

எல்லோரும் அகதி அல்ல

காகிதத்துக்கு வருமுன் இதைச் சொல்லிவிட வேண்டும். ஈஸ்ட்லீயில் நீங்கள் பார்க்கும் சோமாலிகளில் ஏராளமானோர் கென்யக் குடிமக்கள். கரிஸா, வஜீர், மண்டேரா மாவட்டங்கள் தலைமுறை தலைமுறையாகச் சோமாலிகள் வாழும் கென்ய மண். அப்படிப்பட்ட ஒருவரிடம் "சோமாலியாவிலிருந்து எப்போது வந்தீர்கள்?" என்று கேட்பது, இங்கேயே பிறந்து வளர்ந்த மூன்றாம் தலைமுறை குஜராத்தியிடம் "இந்தியாவிலிருந்து எப்போது வந்தீர்கள்?" என்று கேட்பதற்குச் சமம். எங்கள் அலுவலகக் குஜராத்தி நண்பர் அந்தக் கேள்விக்கு எரிச்சலாவார். அவரே சோமாலி டிரைவரிடம் அதே கேள்வியைக் கேட்டபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். இன்னொன்று, ஈஸ்ட்லீயில் இருக்கும் அகதிகள் எல்லோரும் சோமாலிகளும் அல்ல. எத்தியோப்பியாவிலிருந்து வந்த ஓரோமோக்கள் நிறையப் பேர்.

பெயரில் ஆரம்பிக்கும் வில்லங்கம்

சனிக்கிழமைகளில் ஒரு சிறிய குழுவோடு சேர்ந்து பெண்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கவும் படிவம் நிரப்பவும் போகிறேன். நான் பார்த்ததில் நல்ல மனதோடு அதிகம் கெடுக்கப்படுவது பெயர்தான்.

சோமாலிகளுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தன் பெயர், அப்பா பெயர், தாத்தா பெயர், அவ்வளவுதான். கல்யாணமானாலும் பெண் தன் அப்பா பெயரோடுதான் இருப்பாள். ஆகவே ஒரே வீட்டில் கணவருக்கு ஒரு வரிசை, மனைவிக்கு வேறு வரிசை, பிள்ளைகளுக்கு அப்பாவின் வரிசையில் ஒரு படி தள்ளி. நமக்கு இது புரியாமல் போக நியாயமே இல்லை. பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டத்தில் அப்பா பெயரை எழுதிவிட்டு, வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் நர்ஸ் அப்பாவைக் கூப்பிட, யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று உட்கார்ந்திருந்த பரம்பரை நாம். ஆனாலும் படிவத்தில் "குடும்பப் பெயர்" கட்டத்தைக் கண்டதும், உதவ வந்தவர் கை தானாக மனைவிக்குக் கணவரின் தாத்தா பெயரைப் போட்டுவிடுகிறது. அதோடு அந்தப் பெண்ணின் அகதி அட்டைக்கும் புதிய படிவத்துக்கும் உறவு அறுந்தது. பிறகு அவர் வேறு ஆள், படிவத்தில் இருப்பவர் வேறு ஆள்.

அடுத்தது எழுத்துக்கூட்டல். சோமாலி மொழிக்கு லத்தீன் எழுத்தை அரசு அதிகாரபூர்வமாக்கியது 1972-இல். அந்த முறையில் ஹசன், அகமது போன்ற பெயர்களில் வரும் அழுத்தமான 'ஹ'வுக்கு எக்ஸ். அலி என்பதன் முதலில் தொண்டையிலிருந்து வரும் ஒலிக்கு சி. ஆகவே அலியை சி, ஏ, எல், ஐ என்று எழுதுவார்கள். ஒரு கவுன்டரில் எழுத்தர் இதை அப்படியே வாசித்து "காலி! காலி!" என்று கூவினார். அலி அசையவில்லை. எனக்கு மட்டும் சிரிப்பு வந்தது. சிரித்த காரணத்தை அந்த அறையில் யாருக்கும் விளக்க முடியவில்லை.

ஒருவரின் அட்டையில் ஆங்கில முறை, பிறப்புப் பதிவில் சோமாலி முறை, பள்ளியில் ஆசிரியர் காதில் விழுந்த முறை என்று மூன்று இருக்கும். நாம் செய்யும் தவறு, "சரியான ஸ்பெல்லிங் இதுதான்" என்று நான்காவதை உண்டாக்குவது. அகதி அட்டையில் என்ன இருக்கிறதோ, தப்பாகவே இருந்தாலும், அதை எழுத்துக்கு எழுத்துப் பார்த்து எழுதுங்கள். திருத்தம் வேண்டுமென்றால் அதற்குத் தனி விண்ணப்பம். பிறந்த நாளும் அப்படியே. பலர் அட்டையில் ஜனவரி 1 என்றிருக்கும். மழைக்கால, வறட்சிக்காலக் கணக்கில் பிள்ளை பிறந்ததை நினைவில் வைத்திருந்த ஊரில், பதிவு செய்தவர் போட்ட தேதி அது. அம்மா "மகன் பிறந்தது ரம்ஜான் முடிந்த வாரம்" என்று சொன்னாரே என்று ஆர்வத்தில் கணக்குப் போட்டு வேறு தேதி எழுதிவிடாதீர்கள்.

அசலைக் கையில் வாங்காதீர்கள்

இது நானே செய்தது. ஒரு பெண்ணின் அகதி அட்டையை ஜெராக்ஸ் எடுக்க வாங்கினேன். கடையில் கரண்ட் இல்லை. "வீட்டில் ஸ்கேன் பண்ணித் திங்கட்கிழமை தருகிறேன்" என்று பைக்குள் போட்டுக்கொண்டு பார்க்லாண்ட்ஸ் வந்துவிட்டேன். அவர் மறுப்புச் சொல்லவில்லை. திங்கட்கிழமை மாலை கொடுக்கும்போதுதான் தெரிந்தது, இரண்டு நாளும் அவர் வாசற்படி தாண்டவில்லை. டீ ஃபிளாஸ்க் வெளியே போகவில்லை. இரண்டு நாள் வருமானமும் போயிற்று.

ஏன் என்பதற்கு ஈஸ்ட்லீயில் யாரும் 2014-ஐச் சொல்வார்கள். 2012 டிசம்பரிலேயே நகரத்து அகதிகள் எல்லோரும் முகாமுக்குப் போக வேண்டும் என்று அரசு உத்தரவு போட்டது. 2013 ஜூலையில் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மறு வருடமே, தாக்குதல்களுக்குப் பிறகு, மீண்டும் அதே உத்தரவு. ஏப்ரலில் 'உசலாமா வாட்ச்' என்ற பெயரில் வீடு வீடாகச் சோதனை. ஆயிரக்கணக்கானோரைப் பிடித்தார்கள். அடையாளம் சரிபார்க்கக் கசரானி விளையாட்டரங்கத்துக்குக் கொண்டுபோய் வைத்தார்கள். சிலர் மொகதிஷுவுக்கே விமானம் ஏற்றப்பட்டார்கள். உசலாமா என்றால் சுவாஹிலியில் பாதுகாப்பு. அதன் பிறகு 2021-இல் புதிய அகதிகள் சட்டம் வந்தது, நிலைமை ஓரளவு மாறியது. ஆனால் அட்டை இல்லாமல் தெருவில் நிற்பது என்றால் என்ன என்பது அந்தத் தெரு மறக்காத பாடம். சோமாலிகள் போலீசுக்கு ஏடிஎம் என்று அங்கே ஒரு பழைய கிண்டல் உண்டு.

எனவே அசலை அவர் கையிலேயே வைத்துக்கொண்டு, உங்கள் போனில் படம் எடுத்து, அதை அவர் போனுக்கு அனுப்பிவிட்டு, உங்கள் போனிலிருந்து அவர் கண் முன்னால் அழியுங்கள். ஜெராக்ஸ் என்றால் அவரோடு கூடவே கடைக்கு நடங்கள்.

உங்கள் பெயரில் சிம் வேண்டாம்

கென்யாவில் எம்-பெசா என்னும் போன்வழிப் பணப் பரிமாற்றம் இல்லாவிட்டால் வாடகை கட்ட முடியாது, தக்காளிகூட வாங்க முடியாது. அகதி அட்டையை வைத்து சிம் பதிவதில் ஏதாவது சிக்கல் வரும்போது, "இவ்வளவுதானே, என் பெயரில் எடுத்துத் தருகிறேன்" என்று யாராவது முன்வருவார். பெருந்தன்மைதான். ஆனால் அந்த எண்ணில் நடப்பதற்கெல்லாம் சட்டப்படி அவர் பொறுப்பு. அதைவிட மோசம், அந்த எண்ணில் சேரும் பணமும் சட்டப்படி அவருடையது. எனக்குத் தெரிந்த ஒருவர் ஒரு பெண்ணுக்கு இப்படி எடுத்துக் கொடுத்துவிட்டு வேலை மாறி தோஹா போனார். இங்கே போன் திருடுபோயிற்று. அதே எண்ணில் புது சிம் வாங்க, பதிவு செய்தவர் அடையாளத்தோடு வந்து நிற்க வேண்டும். அவர் தோஹாவில், அந்தப் பெண்ணின் சீட்டுப் பணம் செல்லாத சிம்மில். சிம் பதிவுக்கு, உதவி கேட்டவரோடு நீங்களும் வரிசையில் நில்லுங்கள், மறுத்தால் மேலாளரைக் கேளுங்கள். அரை நாள் போகும்தான்.

சீட்டு என்று சும்மா சொல்லவில்லை. சோமாலிப் பெண்கள் ஆயூட்டோ என்று போடுவது அச்சு அசல் நம் தெருச் சீட்டு. பத்துப் பேர், மாதம் ஒரு தொகை, முறை வைத்து எடுப்பது. பத்திரம் கிடையாது, வாய்ச்சொல்தான். சேமிப்புப் பயிற்சி வகுப்பு நடத்த வருகிறவர்கள் முதலில் அவர்களுடைய கணக்கு நோட்டை ஒருமுறை பார்த்துவிட்டு வகுப்பைக் கைவிடலாம்.

அமெரிக்காவைப் பற்றி வாய் திறக்காதீர்கள்

பூஃபிஸ் என்று ஒரு சொல் உண்டு. காற்று ஊதி உப்ப வைப்பது என்ற பொருளில் பிறந்தது. மூன்றாம் நாட்டில் குடியேறும் ஆசை ஒருவருக்குள் ஊதி ஊதிப் பெருத்து, இருக்கும் இடத்தில் கால் பாவாமல், படிப்பும் தொழிலும் பிடிக்காமல் ஆகிவிடும் நிலை. அதை ஒரு நோய் மாதிரியே பேசுவார்கள். "உங்கள் கேஸ் நல்ல கேஸ், கண்டிப்பாகக் கிடைக்கும்" என்று நாம் ஆறுதலாகச் சொல்லும் ஒரு வாக்கியம் அங்கே இரண்டு வருடம் ஓடும். 2025 ஜனவரியில் அமெரிக்கா அகதிகளைச் சேர்க்கும் திட்டத்தை நிறுத்தியபோது, விமானச் சீட்டுவரை கையில் வந்தவர்களே நின்றுபோனார்கள். ஐ.நா. அகதிகள் முகமை எந்தக் கட்டத்திலும் பணம் கேட்காது, கேட்கிறவன் தரகன். சொல்ல வேண்டியது இது ஒன்றுதான்.

பிள்ளையை மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள்

பள்ளிக்குப் போகும் பையன் சுவாஹிலியும் ஆங்கிலமும் சரளமாகப் பேசுவான். ஆஸ்பத்திரிக்கு அம்மாவோடு அவனைக் கூட்டிப்போவது நமக்குச் சுலபம். மருத்துவர் "கடைசியாக மாதவிலக்கு எப்போது?" என்று கேட்பார். பன்னிரண்டு வயதுப் பையன் தரையைப் பார்ப்பான், அம்மா சுவரைப் பார்ப்பார். என்ன பதில் போயிற்றோ, அதற்குத்தான் மருந்து வரும். பெரியவராக ஒரு பெண்ணைக் கூட்டிப்போங்கள்; அதையும் நோயாளியிடம் கேட்டுவிட்டு. பக்கத்து வீட்டுக்காரருக்குத் தன் வியாதி தெரிய வேண்டாம் என்று அவர் நினைக்கலாம்.

இனி சில்லறைத் தவறுகள். குலம் எது என்று கேட்காதீர்கள். "எந்த ஊர், ஊரில் எந்தத் தெரு?" என்று சுற்றி வளைத்துக் கேட்கும் நம் உத்தி அவர்களுக்கும் தெரியும், புன்னகையோடு பேச்சை மாற்றுவார்கள். போட்டோ எடுத்து வாட்ஸப் ஸ்டேட்டஸில் போடாதீர்கள்; யாரிடமிருந்து தப்பி வந்தார் என்பது உங்களுக்குத் தெரியாது. சனி, ஞாயிறு காலை பிள்ளைகளுக்கு வகுப்பு வைக்காதீர்கள், துக்சி என்னும் குர்ஆன் பள்ளியில் இருப்பார்கள். நாங்கள் முதல் மாதம் காலி பெஞ்சுகளுக்குப் பாடம் எடுத்தோம். ஆண்களிடம் பெண்ணோ, பெண்களிடம் ஆணோ முதலில் கையை நீட்ட வேண்டாம். நான் சைவம் என்று தெரிந்ததும் எனக்காக வெறும் சோறு போட்டு, வழக்கம்போல் மேலே ஒரு வாழைப்பழத்தை வைத்தார்கள். அது அனுதாபமல்ல, அங்கே எல்லோருக்கும் அப்படித்தான்.

கூப்பிடும் முறையைக் கற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. நம்மைப் போலவே அவர்களும் அப்பா வழி, அம்மா வழி பிரித்துத்தான் கூப்பிடுகிறார்கள். அப்பாவின் சகோதரி ஏத்தோ, அம்மாவின் சகோதரி ஹபர்யர். இரண்டாவது, சொல்லுக்குச் சொல், நம் சின்னம்மாவேதான். "மேடம்" என்று இருந்த நான் பிள்ளைகளுக்கு ஏத்தோ ஆக ஒரு வருடம் பிடித்தது.

திருப்பிக் கொடுப்பதைத் தடுக்காதீர்கள்

போன வருடம் எனக்குத் திடீரென்று அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன். நான்காம் நாள் வகுப்புப் பெண்கள் ஐந்து பேர் ஃபிளாஸ்க்கும் ஒரு கவருமாக வீட்டுக்கு வந்தார்கள். கவரில் பணம். எனக்கு ஆபீஸ் இன்சூரன்ஸ் இருக்கிறது, அவர்களில் இருவர் அந்த மாத வாடகைக்கே தவிப்பது எனக்குத் தெரியும். "ஐயோ, வேண்டாம்" என்று கவரை அவர்கள் பக்கமே தள்ளினேன். அவர்களில் வயதில் பெரியவர் முகம் மாறியது.

அது காரான். ஒருவருக்கு நோய், சாவு, கைது என்றால் சுற்றியிருப்பவர் ஆளுக்கு இவ்வளவு என்று போட்டுக் கொடுக்கும் வசூல். எழுதி வைப்பார்கள். நம் மொய் நோட்டு மாதிரிதான், ஆனால் கல்யாணத்துக்கு அல்ல, கஷ்டத்துக்கு. இதை எனக்கு விளக்கியவர் அந்தப் பெரியவரேதான், சுவாஹிலியில், குழந்தைக்குச் சொல்வதுபோல. "உனக்குக் கஷ்டம் வராதா? நீ எங்களில் சேர்த்தி இல்லையா?"

கவரை வாங்கிக்கொண்டேன். அவர் பையிலிருந்து நோட்டை எடுத்தார். என் பெயர் இருந்தது, பக்கத்தில் அப்பா பெயர் இருந்தது. மூன்றாவது இடம் காலியாக இருந்தது.

"தாத்தா பேர் என்ன?"

சொக்கலிங்கம் என்றேன். இரண்டு முறை திருப்பிச் சொல்லச் சொல்லி, சோமாலி எழுத்தில் தன் காதுக்குக் கேட்டபடி எழுதிக்கொண்டார்.