கல்லு மாதிரி காற்று அடிக்காதீர்கள்: பாரிஸ்–ரூபே கற்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரான்ஸின் பாரிஸ்–ரூபே சைக்கிள் பந்தயத்தில் தொழில்முறை வீரர்கள் ஞாயிறு ஓட்டும் அதே கல் பாவிய பாதைகளில், முந்தைய நாள் எங்களைப் போன்றவர்களையும் ஓட்ட விடுகிறார்கள். இந்த வருடமும் புறப்படும் இடத்தில் ஒரு தம்பி மூச்சு வாங்கக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, “கல்லு மாதிரி இருக்கு அண்ணா” என்றார். பெருமை வேறு. எனக்குப் பழைய என்னைப் பார்த்த மாதிரி இருந்தது.

ஹெல்மெட், தண்ணீர் பற்றியெல்லாம் நான் சொல்லவேண்டியதில்லை.

காற்று

டயர் இறுகினால்தான் வேகம் என்பது தார்ச்சாலைப் பழக்கம். இங்கே ஒரு கல் துருத்தி நிற்கும், அடுத்தது புதைந்து கிடக்கும், நடுவில் கட்டைவிரல் புகும் இடைவெளி. இறுகிய டயர் கல்லில் படியாது, துள்ளும். அந்தரத்தில் இருக்கும் சக்கரத்துக்கு மிதித்து என்ன பயன்? பிரேக்கும் பிடிக்காது.

முதல் தடவை 25 மி.மீ. டயரில் 7.5 பார் (காற்றழுத்த அளவு) அடித்துக்கொண்டு ஆரன்பெர்க் காட்டுக்குள் போனேன். 2.3 கி.மீ. நேர்கோட்டுப் பாதை. அதன் அடியில் இருந்த சுரங்கத்தில் ஒரு காலத்தில் வேலை செய்த வீரர் ழான் ஸ்டாப்லின்ஸ்கி சொல்லித்தான் 1968-ல் இதைப் பந்தயத்தில் சேர்த்தார்கள். உள்ளே நுழைந்த கொஞ்ச நேரத்தில் இரண்டு பாட்டிலும் தெறித்துப் போயின. பாதிவழியில் பாசிக்கல்லில் முன்சக்கரம் வழுக்கி விழுந்தேன். காற்றைக் குறைக்கலாம் என்று வால்வு மூடியைத் திருகினால் விரல் மடங்கவில்லை. பல்லால் கடித்துத் திறந்தேன்.

அடுத்த தடவை அதைவிட முட்டாள்தனம். யாரோ ஒரு வீரர் வைத்த அளவை எங்கோ படித்து அப்படியே இறக்கினேன். அவருடையது 32 மி.மீ. ட்யூப்லெஸ். என்னுடையது அதே 25, உள்ளே ட்யூப், மேலே 82 கிலோ. முதல் கற்பாதையிலேயே ரிம் கல்லில் இடித்து, ட்யூப்பில் பாம்பு கடித்த மாதிரி பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை. அன்று மட்டும் மூன்று ட்யூப், ஒரு ரிம். ரிம் வாங்கிய காசை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

டயர் அகலம், உடம்பு எடை, ட்யூப் உண்டா இல்லையா என்று கேட்காமல் “இத்தனை பார் வை” என்பவர் பேச்சைக் காதில் வாங்காதீர்கள். இப்போது நான் 32 ட்யூப்லெஸ்ஸில் 4 பாருக்குச் சற்றுக் குறைவாக வைக்கிறேன். முதல் நாளே ஒரு கற்பாதையில் ஓட்டிப் பார்த்து, ரிம் இடித்தால் கொஞ்சம் ஏற்றுவேன். ஓட்டும்போதே காற்றை ஏற்றி இறக்கும் கருவியைச் சில பெரிய அணிகள் சக்கரத்திலேயே பொருத்திப் பார்த்திருக்கின்றன. அவ்வளவு தலைவலி இது.

கைப்பிடியை நசுக்குவது

விரலைத் தளர்த்துங்கள், கனமான கியரில் உட்கார்ந்து மிதியுங்கள். 2021-ல் முதல் பெண்கள் பந்தயத்தை வென்ற லிஸ்ஸி டெய்க்னன் கையுறை போடவில்லை; கைப்பிடி டேப்பெல்லாம் ரத்தம். அவருக்காவது கோப்பை கிடைத்தது.

எண்ணைத் தலைகீழாகப் படிப்பது

கற்பாதைகளுக்கு இறங்குவரிசையில் எண்; கடைசிப் பாதைதான் 1. ஆரன்பெர்க் 19, கார்ஃபூர் தெ லார்ப்ர் 4. பலகையில் 11 பார்த்து “இவ்வளவு மிதிச்சும் பதினொண்ணுதானா?” என்று ஒருவர் அழாத குறை.

ஓரத்து மண்

மழை பெய்திருந்தால் இறங்காதீர்கள். பாதை நடுவில் இருக்கும் மேட்டிலேயே ஓட்டுங்கள்.

புது ஷூ

வேண்டாம்.